மனநல சிகிச்சையும் சட்டமும்: கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மனநல சிகிச்சை எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. இருமுனை நோய்க்குப் பல வருஷமாக மருந்து சாப்பிடும் ஒரு தம்பிக்கு அக்கா, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தவள். என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் அப்பா, அம்மா, அண்ணன், மாமன். மருந்து சாப்பிடுபவர் தானே வந்து கேட்பது அபூர்வம். ஆனால் இந்தச் சட்டம் முதலில் பேசுவது அவரிடம்தான். அதனால் அவர் படிப்பார் என்று நினைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

இது தமிழ்நாட்டுச் சட்டமா, மத்தியச் சட்டமா?

சட்டம் நாடாளுமன்றம் போட்டது, நடத்த வேண்டியது மாநில அரசு. பெயர் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னால் 1987-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது, அதற்கும் முன்னால் வெள்ளைக்காரர் காலத்து 1912 சட்டம். அந்த இரண்டிலும் ஒருவரை எப்படிச் சேர்ப்பது, எங்கே வைப்பது, அவருடைய சொத்தை யார் பார்ப்பது என்ற பேச்சுதான் அதிகம். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட பிறகு அப்படியே விட முடியவில்லை, சிகிச்சை எடுப்பவரின் உரிமையை நடுவில் வைத்துப் புதிதாக எழுதினார்கள்.

மாநிலத்தின் வேலை கொஞ்சநஞ்சமில்லை. மாநில மனநல ஆணையம் அமைப்பது, மனநல ஆஸ்பத்திரிகளையும் விடுதிகளையும் பதிவு செய்து கண்காணிப்பது, சேர்க்கைகளையும் புகார்களையும் விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தை மாவட்டத்துக்கோ சில மாவட்டங்களைச் சேர்த்தோ அமைப்பது, அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரும் மாத்திரையும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. ஈரோட்டில் ரயிலேறி பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வாளையார் தாண்டித் திருச்சூர்ப் பக்கம் போனாலும் இதே சட்டம்தான் கூட வரும்.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்?

எண்ணம், மனநிலை, புலனுணர்வு, நினைவு இவற்றில் பெரிய கோளாறு வந்து, அதனால் அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்க முடியாமல் போகிறவர்களுக்கு. குடி, போதைப் பொருள் இவற்றால் வரும் மனநலப் பாதிப்பும் இதில் அடங்கும், இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள், கீழே மறுவாழ்வு மையம் பற்றிப் பேசும்போது தேவைப்படும். பிறவியிலிருந்தே வரும் அறிவுத்திறன் குறைபாடு இதில் வராது, அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன.

ஒருவர் பழக்கவழக்கம் ஊருக்குப் பிடிக்கவில்லை, வேறு சாதியில் கல்யாணம் செய்வேன் என்கிறார், கோயிலுக்கு வர மறுக்கிறார், இதையெல்லாம் வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சாதி, மதம், அரசியல், குடும்பத்தோடு ஒத்துப்போகாதது எதுவும் காரணம் ஆகாது. முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பதும் மட்டும் போதாது. "புள்ள சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, ஒரு மாசம் உள்ள வெச்சா சரியாயிரும்" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஆகாதுங்க, அது குற்றம்.

ஏனுங்க, மனநல மாத்திரை சாப்பிடுறவரு கையெழுத்துச் செல்லாதாமா? தோட்டத்தைப் பாகம் பிரிக்கப் போறோம்.

இந்தக் கேள்வி இங்கே வருகிற அளவுக்கு வேறெங்கும் வருமா என்று தெரியவில்லை. காடு தோட்டம் உள்ள குடும்பம், அண்ணன் தம்பி மூன்று பேர், நடுவில் ஒருத்தருக்கு மனச்சிதைவு நோய். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் பங்கை நாங்க பாத்துக்கிறோம்" என்று மற்ற இருவரும் பத்திரம் எழுதப் போகிறார்கள்.

செல்லும். மனநோய் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்பதால் மட்டும் ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதைச் சொல்ல வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றம். இது 3-ஆம் பிரிவில் நேராகவே எழுதியிருக்கிறது. ஓ.பி. சீட்டையோ மாத்திரை அட்டையையோ காட்டி ஒருவர் பங்கை எழுதி வாங்கிவிட முடியாது. கையெழுத்துப் போடும் சமயத்தில் என்ன செய்கிறோம் என்று அவருக்குப் புரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி. பாதி வருஷம் உடம்பு சரியில்லாமல் இருந்தவருக்கு மீதி வருஷம் நன்றாகவே புரியும்.

2017 சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்கும் ஏற்பாடே கிடையாது. உண்மையாகவே ஒருவரால் தன் காரியத்தைப் பார்க்க முடியவில்லை என்றால், 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணைக் காப்பாளர் கேட்கலாம். அவரும் சம்பந்தப்பட்டவரைக் கலந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். இதே சாக்கில் ஓட்டையும் பறிக்க முடியாது. நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

வீட்டார் கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமா?

அப்படிச் சுலபமாக முடியாது. முடிந்தவரை எல்லாச் சேர்க்கையும் அவரே விரும்பிச் சேர்வதாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. 18 வயதானவர், நோய் இருக்கிறது, சிகிச்சை வேண்டும் என்று அவருக்கே புரிகிறது, அவரே கையெழுத்துப் போடுகிறார் என்றால் வேறு யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. கணவர் வர வேண்டும், அப்பா வர வேண்டும் என்று கவுண்டரில் திருப்பி அனுப்பக் கூடாது.

அவருக்குப் புரிகிறதா என்று எப்படி முடிவு செய்வார்கள்? சொன்னது விளங்குகிறதா, இதைச் செய்தால் இது நடக்கும் என்று எட்டுகிறதா, தன் முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். சொல்வதையும் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். இன்னொன்று, எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த வரி: ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதால் மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது.

அந்தத் திறன் இப்போதைக்கு இல்லை, கூடவே தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, அல்லது சாப்பாடு தண்ணீர்கூட எடுக்காமல் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால்தான் ஆதரவுடன் சேர்ப்பது என்ற வழி. அதற்கும் நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி அவர் சார்பில் பேசுகிற ஆள் (கீழே தனியாகச் சொல்கிறேன்), எழுத்தில் கேட்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும், தனித்தனியாக அவரைப் பார்த்து, ஆம் என்று சொல்ல வேண்டும். இதற்கு 30 நாள்தான் எல்லை. பெண்ணாகவோ 18 வயதுக்குக் குறைந்தவராகவோ இருந்தால் 3 நாளுக்குள்ளும், மற்றவர்களுக்கு 7 நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்கு ஆஸ்பத்திரி தகவல் அனுப்ப வேண்டும். திறன் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 30 நாளைத் தாண்ட வேண்டுமானால் இரண்டு மனநல மருத்துவர்கள் சொல்ல வேண்டும், வாரியம் அனுமதிக்க வேண்டும். அதுவும் முதலில் 90 நாள், பிறகு 120, பிறகு 180 என்று தவணை தவணையாக.

நடைமுறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ஓ.பி.யில் தம்பிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து, தூக்கம், சாப்பாடு, கோபம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருங்க" என்றார். கதவு சாத்தின பிறகு தம்பி அவரிடம் பேசினான். எங்களிடம் எத்தனையோ மாதமாகச் சொல்லாத பக்க விளைவுகளை அன்றைக்குத்தான் சொன்னான், மருந்தும் மாறியது.

நானே விரும்பிச் சேர்ந்தேன். இப்போது போகிறேன் என்றால் விட மறுக்கிறார்கள்.

நீங்களே சேர்ந்தவர் என்றால், கேட்டதும் அனுப்ப வேண்டும். உங்கள் நிலை மோசமாகிவிட்டது என்று மனநல வல்லுநர் நினைத்தால், மேலே சொன்ன ஆதரவுச் சேர்க்கைக்கான பரிசோதனைக்காக 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். பில் பாக்கி ஒரு காரணம் ஆகாது.

குடிக்கிறாருன்னு வீட்டுல போன் பண்ணுனா, ராத்திரி வண்டியில வந்து தூக்கிக்கிட்டுப் போறாங்களே, அது சரிங்களா?

சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பனியன் கம்பெனி, விசைத்தறி, லாரி என்று உழைப்பு மிகுந்த நம் ஊர்களில் குடியால் நொந்த குடும்பங்கள் ஏராளம், அந்த நோவை நம்பியே மறுவாழ்வு மையம் என்ற பெயர்ப்பலகைகளும் பெருகியிருக்கின்றன. நல்ல மையங்கள் இருக்கின்றன, அங்கே போய்க் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆள் அனுப்பிக் கை கால் கட்டி ஏற்றிக்கொண்டு போகிற இடத்தை நான் சிகிச்சை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் இந்தச் சட்டத்துக்குள் வருவதால், அதற்காக ஆட்களைத் தங்க வைத்துப் பார்க்கும் எந்த இடமும் மனநல நிறுவனம் என்று பதிவு செய்திருக்க வேண்டும். சித்தா, யோகா, இயற்கை மருத்துவம் என்று சொன்னாலும் பதிவு உண்டு. பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாம் தடவை 2 லட்சம் வரை, மறுபடியும் என்றால் 5 லட்சம் வரை. சேர்ப்பதற்கான நடைமுறையும் அதேதான்: அவர் சம்மதம், இல்லையென்றால் இருவர் பரிசோதனை, 30 நாள் எல்லை. பணம் கட்டிய மனைவியின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது.

அம்மிணிகளே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அடி வாங்கிக்கொண்டு, பிள்ளை ஃபீஸ் கட்ட வழியில்லாமல், கடைசியில் ஒரு விசிட்டிங் கார்டைப் பிடித்துக்கொண்டு போன் செய்கிறீர்கள். செய்வதற்கு முன்னால் சிலவற்றைக் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருகிறார்? நான் நினைத்தபோது வந்து பார்க்கலாமா, அவர் எனக்குப் போன் செய்ய விடுவீர்களா? "முதல் ஒரு மாசம் யாரும் பாக்கக் கூடாது" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். பார்வையாளரைச் சந்திப்பதும் போனில் பேசுவதும் உள்ளே இருப்பவரின் உரிமை, மையம் நினைத்துக் கொடுக்கும் சலுகை இல்லை. திடீரென்று குடியை நிறுத்தும்போது வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும், டாக்டர் இல்லாத இடத்தில் அடைப்பது அதனாலும் ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவிலேயே குடிநோய்க்கும் பார்க்கிறார்கள், கோவை ஜி.ஹெச்.சிலும் பெருந்துறையிலும் கேட்டுப் பாருங்கள். அடி தாங்க முடியவில்லை என்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது, அது தனிப் பிரச்சினை, தனியாகப் பேச வேண்டியது.

உள்ளே இருப்பவரை எப்படி நடத்த வேண்டும்?

மொட்டை அடிக்கக் கூடாது. சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, சொந்தத் துணி உடுத்தலாம். கூட்டிப் பெருக்க, சமைக்க வேலை வாங்கக் கூடாது, அவரே விரும்பிச் செய்தால் கூலி தர வேண்டும். சுத்தமான கழிப்பறை, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் தேவையானவை, மறைவு எல்லாம் உரிமை என்றே எழுதியிருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பொதுவாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தனியறையில் பூட்டக் கூடாது. கட்டுவது, பிடித்து வைப்பது எல்லாம் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும். அதையும் பதிவேட்டில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டிலோ கோயிலிலோ சங்கிலி போட்டு வைத்தால்?

எந்த வடிவத்திலும் சங்கிலி போடக் கூடாது, 95-ஆம் பிரிவு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது மனநலக் காப்பகக் கொட்டகையில் சங்கிலியோடு இருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். அதற்குப் பிறகும் தோட்டத்துச் சாளையில் ஒருவரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது. மனநோய் தீர வேண்டிக் குணசீலம் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் போய் வரட்டும், மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர்கள் கட்டட்டும், யாருடைய நம்பிக்கையையும் நான் குறை சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள், கட்டிப் போடாதீர்கள்.

ஒரு வீட்டில் மனநலம் பாதித்தவரைக் கொடுமைப்படுத்துகிறார்கள், கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் சொல்லலாம். காவல் அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தண்டனைக்குப் பயந்து ஒளிக்கும் குடும்பத்தை விட, மருந்தே கிடைக்காமல் வேறு வழி தெரியாமல் கட்டும் குடும்பம்தான் அதிகம் என்பது என் அனுபவம். அவர்களுக்கு முதலில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டரைக் காட்டுங்கள், குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருகிறார்கள்.

ஷாக் வைப்பது தடை செய்யப்பட்டதா?

மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் வைப்பது தடை. அவசரச் சிகிச்சை என்று சொல்லியும் வைக்க முடியாது. சிறுவர்களுக்குக் காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கூடாது. முறையாக மயக்கம் கொடுத்து வைப்பது இன்றைக்கும் உள்ள சிகிச்சைதான், கடுமையான மனச்சோர்வில் பலரை அது மீட்டிருக்கிறது, சினிமாவில் பார்த்ததை வைத்துப் பயப்பட வேண்டாம்.

நன்றாக இருக்கும்போதே "எனக்கு இப்படிச் செய்யுங்கள்" என்று எழுதி வைக்கலாமா?

வைக்கலாம். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது இதுதான். முன்கூட்டிய அறிவுறுத்தல் என்று பெயர். 18 வயதான யாரும், இதுவரை எந்த மனநலப் பாதிப்பும் இல்லாதவர்கூட, எழுதலாம். பின்னால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேச வேண்டும் என்று அதில் எழுதுவது. அதற்கென்று மத்திய விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது, சாட்சிக் கையெழுத்தும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். டாக்டருக்கோ வீட்டாருக்கோ அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாரியத்தில் முறையிட்டுத்தான் மாற்ற முடியும், கிழித்துப் போட முடியாது. அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது தடையாக இருக்காது.

தம்பி எழுதியதிலிருந்து அவன் சம்மதத்தோடு கொஞ்சம் சொல்கிறேன். குறிப்பிட்ட ஓர் ஊசி போட்டால் அவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அந்த ஊசியின் பெயரை எழுதி, வேண்டாம் என்றும் எந்த மருந்து முன்பு ஒத்துக்கொண்டது என்றும் குறிப்பிட்டிருக்கிறான். லித்தியம் சாப்பிடுவதால் ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும் என்றும், கடைசியாகப் பார்த்த ரிப்போர்ட் வீட்டில் எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறான். பெரியப்பா பையனைக் கூப்பிட வேண்டாம், அக்காவைக் கூப்பிடுங்கள். தறி குடோன் சாவியை இன்னாரிடம் கொடுங்கள். வாசலில் ஆம்புலன்ஸ் சைரன் வேண்டாம், அக்கம்பக்கம் கூடிவிடும். கடைசி இரண்டும் எந்த டாக்டருக்கும் தோன்றியிருக்காது, சட்டத்துக்கு வேண்டியதும் இல்லை, ஆனால் அவனுக்கு வேண்டும்.

நியமனப் பிரதிநிதி என்றால் யார்?

உங்களுக்காகப் பேச நீங்களே தேர்ந்தெடுக்கும் ஆள். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். சொந்தக்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நண்பர், உடன் வேலை செய்பவர் யாராகவும் இருக்கலாம், 18 வயது ஆகியிருக்க வேண்டும், அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்றால் எந்த நேரமும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் யாரையும் எழுதவில்லை என்றால் உறவினர், பிறகு பராமரிப்பவர் என்று வரிசை போகும். மாமனார் வீட்டாரோடு ஒத்துப்போகாத பெண்கள் இதைக் கட்டாயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தற்கொலைக்கு முயன்றவர் மீது போலீஸ் கேஸ் வருமா? கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கிறார்கள்.

தயவுசெய்து உடனே போங்கள். 115-ஆம் பிரிவின்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ அப்படி முயன்றால் மட்டும் 226-ஆம் பிரிவு. ஆஸ்பத்திரி போலீஸுக்குத் தகவல் கொடுக்கும், ஒரு போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போவார், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போது மனசு தாங்காமல் இதைப் படிக்கிறீர்கள் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், 104-உம் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. எண் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் சுற்றிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால்?

காந்திபுரத்திலும் ஈரோடு ஜங்ஷனிலும் ரயில் மாறி வந்து இறங்கிய வடமாநிலத்தவர்கள் சிலர் பேரும் ஊரும் சொல்லத் தெரியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடு தெரியாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். 108 ஆம்புலன்ஸும் அவருக்கு உண்டு: உடல்நோய்க்காரருக்கு எந்த மாதிரி வருமோ அதே மாதிரி வர வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும். 2018 ஆகஸ்டில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் எல்லா கம்பெனிகளுக்கும் இதையே உத்தரவாகச் சொல்லிவிட்டது, 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் மனநோயை ஒதுக்கி வைக்கக் கூடாது என்றது. கிளெய்மை நிராகரித்தால் எழுத்தில் காரணம் வாங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள், பின்னால் அதையே காரணம் காட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை, வேலை?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை இந்த நான்கையும், நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்குத் தகுதி. அரசு வேலையில் உள்ள 4 சதவீத இட ஒதுக்கீட்டில் 1 சதவீதம் மனநோய், ஆட்டிசம் போன்றவற்றுக்குச் சேர்த்து. அரசு வேலையில் இருக்கும்போது பாதிப்பு வந்தால் அதற்காக வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது.

அட்டை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். எடுப்பதும் எடுக்காததும் சிகிச்சை எடுப்பவரின் விருப்பம், வீட்டாருடையது இல்லை.

நான் சிகிச்சை எடுப்பதை டாக்டர் வெளியே சொல்லலாமா?

கூடாது. கம்பெனி மேனேஜர் கேட்டாலும், பெண் பார்க்க வந்தவர்கள் தெரிந்தவர் மூலம் விசாரித்தாலும் கூடாது. நியமனப் பிரதிநிதி, சிகிச்சையில் உள்ள மற்ற டாக்டர்கள், உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து, வாரியம் அல்லது உயர் நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் போட்டோ பத்திரிகையிலோ டி.வி.யிலோ வரக் கூடாது. உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டு வாங்கலாம்.

மனநோயைக் காட்டி விவாகரத்து வாங்க முடியுமா?

மாத்திரை சாப்பிடுகிறார் என்பது போதாது. இந்துத் திருமணச் சட்டத்தில், சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்கவே முடியாத அளவுக்குக் கடுமையானது என்று நிரூபிக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஒருவர் மற்றவருக்கு மனநோய் என்று சொல்லி அது மறுக்கப்பட்டால், நீதிமன்றம் மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும்.

எது இலவசம்?

அரசு நடத்தும், அரசு நிதியில் இயங்கும் இடங்களில் சிகிச்சை பெறும் உரிமை எல்லோருக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் கார்டு இல்லாவிட்டாலும் இலவசம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்க வேண்டும். "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கோங்க" என்றால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதச் சொன்னதுமே சில சமயம் மாத்திரை கிடைத்துவிடும்.

சரி, இதெல்லாம் நடக்கவில்லை என்றால் எங்கே புகார் சொல்வது?

முதலில் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் எழுத்தில். சரியாகவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதியோ ஓய்வு பெற்றவரோ தலைமை தாங்குவார், கலெக்டரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர், இவர்களோடு மனநலப் பாதிப்பு உள்ளவர்கள், பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தார் இவர்களிலிருந்து இருவர். வாரியத்தின் முகவரியும் போன் நம்பரும் ஒவ்வொரு மனநல ஆஸ்பத்திரியிலும் கண்ணில் படும்படி எழுதி வைத்திருக்க வேண்டும், விண்ணப்பப் படிவமும் அவர்களே தர வேண்டும், வாரியத்துக்குப் போன் செய்யவும் விட வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் நான் முதலில் அந்தப் பலகையைத்தான் தேடுவேன், இல்லையென்றால் கேட்பேன்.

விசாரணை மூடிய அறையில் நடக்கும், ஊர் கூடாது. விருப்பம் இல்லாமல் சேர்த்துவிட்டார்கள் என்ற 30 நாளுக்கு உட்பட்ட சேர்க்கை பற்றிய விண்ணப்பத்தை 7 நாளுக்குள் முடிக்க வேண்டும், 30 நாளைத் தாண்டியதை 21 நாளுக்குள், மற்றவற்றை 90 நாளுக்குள். தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் கவலை வேண்டாம், இலவச சட்ட உதவி உங்கள் உரிமை. கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். விண்ணப்பம் கொடுக்கும்போது ஒரு நகல் கையில் வைத்துக்கொண்டு, அதில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். 7 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.